வீட்டுக்கும் சூரியனுக்கும் இடையே ஏழு வருடம்

1970 மே 27ஆம் திகதி நடந்த பொதுத்தேர்தலில் ஊர்காவற்றுறைத் தொகுதி பண்டிதர் கா. பொ. இரத்தினத்தைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அவர் தமிழரசுக் கட்சி வேட்பாளர், சின்னம் வீடு. 1977 யூலை 21ஆம் திகதி அதே தொகுதி அதே பண்டிதரைத் திரும்பவும் அனுப்பியது. இந்தமுறை கட்சி தமிழர் விடுதலைக் கூட்டணி, சின்னம் உதயசூரியன். முதல் தடவை அவர் வாக்குக் கேட்டது நாடு பிரியாமல் சமஷ்டியாக இருக்கவேண்டும் என்று. இரண்டாம் தடவை கேட்டது தனிநாட்டுக்கு ஆணை. முதல் தடவை அவரிடம் தோற்றவர்களில் ஒருவர் வி. நவரத்தினம். சமஷ்டிப் பேச்சு முடிந்த கதை, சுயாட்சிதான் வழி என்று சொல்லிக்கொண்டு தேர்தலில் நின்றவர் அவர்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழர் அரசியல் சரித்திரம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தலைவர்களின் பேச்சு, மாநாட்டுத் தீர்மானம், ஒப்பந்தம் என்றே போவார்கள். தொகுதி ஒன்றை எடுத்துவைத்து, இங்கே இருந்த சனம் ஏன் இப்படிப் போட்டது, பிறகு ஏன் அப்படிப் போட்டது என்று கேட்பது குறைவு. நான் ஊர்காவற்றுறையில் பிறந்து, தபால் கந்தோரில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவன். இரண்டு தேர்தலிலும் வாக்களித்தவன். என் கையால் போன காசுக்கட்டளைகளை வைத்துப் பார்த்தால் அந்த ஏழு வருடம் எனக்குக் கொஞ்சம் வேறுவிதமாகத் தெரிகிறது.

எங்கள் துறை பழையது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டு. பரதேசி வணிகர்கள் ஊராத்துறைக்கு, அதாவது எங்கள் ஊர்காவற்றுறைக்கு, வரவேண்டும், அவர்களுக்குக் காவல் உண்டு என்று அதில் அரசன் சொல்கிறான். அதோடு விடவில்லை. யானை குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மிச்சம் மூன்று பங்கும் உடையவனுக்கு. சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. வா என்று அழைக்கிற அரசன், கெட்டுப்போனால் யாருக்கு எவ்வளவு என்பதையும் அதே கல்லில் வெட்டுவித்திருக்கிறான். பிறகு போர்த்துக்கேயர் வந்தார்கள், யானைகளை ஏற்றினார்கள், கடலுக்கு நடுவே கோட்டை கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். பிடித்ததும் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள்: வேலணைத்தீவு லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம், காரைதீவு அம்ஸ்டர்டாம். நெடுந்தீவில் மட்டும் டெல்வ்ற் என்ற பெயர் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தக் காலத்துத் துறைமுகப் பெருமையை நான் நீட்டப்போவதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது தீவகத்தின் வருமானம் கடல்வழியாக வருவது குறைந்து, தபால்வழியாக வந்துகொண்டிருந்தது. தீவுகளில் தண்ணீர் உவர். மானாவாரி நெல் ஒரு போகம், கொஞ்சம் புகையிலை, பனை, மீன். வளர்ந்த ஆண்பிள்ளை தெற்கே போய்க் கடையில் நிற்பான். முதலில் சிப்பந்தி, பிறகு கணக்கப்பிள்ளை, கெட்டித்தனம் இருந்தால் சொந்தக் கடை. கொழும்பு, காலி, மாத்தறை, குருநாகல், கண்டி, பதுளை என்று எங்கும் தீவாருடைய பலசரக்குக் கடையும் சாப்பாட்டுக் கடையும் இருந்தன. மாதத்தின் முதல் பத்து நாளும் கந்தோர் விறாந்தை நிறையப் பெண்கள். மணியோடர் படிவத்தின் மூலையில் விழுந்திருக்கிற முத்திரையைப் பார்த்தாலே எந்த ஊர்ப் பணம், எந்த வீட்டுக்கு என்று எனக்குத் தெரியும். மாத்தளை முத்திரையில் மை எப்போதும் அதிகம், எழுத்து ஊறிப்போயிருக்கும். கையெழுத்து வைக்கத் தெரியாத ஆச்சிமார் பெருவிரலை மையில் தோய்த்து வைத்துவிட்டு, அந்த விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு காசை இரண்டு தரம் எண்ணுவார்கள்.

இலங்கையோடு இணைந்திருப்பது எங்களுக்குக் கொள்கை விடயமாக இருக்கவில்லை. அது மாதம் பிறந்தால் வருகிற காசு. 1947இலும் 1952இலும் ஊர்காவற்றுறைத் தொகுதி தெரிவுசெய்தவர் அல்பிரட் தம்பிஐயா, கொழும்புத் துறைமுகத்தில் சரக்குப் படகுத் தொழில் நடத்தியவர். அது தற்செயலாக நடந்தது அல்ல என்பது என் எண்ணம். கொழும்பில் கால் ஊன்றிய மனிதரைக் கொழும்புக் காசில் வாழ்கிற ஊர் அனுப்பியது.

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த வருடம் முதல் திருப்பம். தமிழரசுக் கட்சியின் வீ. ஏ. கந்தையா வென்றார். அவர் இறந்தபின் 1963 இடைத்தேர்தலில் நவரத்தினம் வந்தார், 1965இலும் வென்றார். ஊர்காவற்றுறை நவரத்தினம் என்றால் அந்தக் காலத்தில் கட்சியின் மூளை என்பார்கள். பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் 1957 யூலையில் எழுதப்பட்டபோது அந்த வேலையில் இருந்தவர். லியோன் யூரிஸின் ‘எக்சோடஸ்’ நாவலை ‘நமக்கென்றொரு நாடு’ என்று தமிழாக்கினவர் என்றால் மனப்போக்கு விளங்கும். ஒப்பந்தம் மறுவருடம் கிழிந்தது. 1965இல் டட்லி சேனநாயக்கவோடு செய்த ஒப்பந்தமும் நிறைவேறவில்லை. அறுபதுகளின் இறுதியில் நவரத்தினம் கட்சியோடு முரண்பட்டுப் பிரிந்து தமிழர் சுயாட்சிக் கழகத்தைத் தொடங்கினார்.

1970இல் தமிழரசுக் கட்சி தன் தேர்தல் அறிக்கையில் தெளிவாகச் சொல்லியிருந்தது: நாட்டைப் பிரிப்பது நாட்டுக்கும் நல்லதல்ல, தமிழ் பேசும் மக்களுக்கும் நல்லதல்ல, பிரிவினை கேட்கிற எந்த இயக்கத்துக்கும் ஆதரவு கொடுக்காதீர்கள். தொகுதிக்குத் தொகுதி அதை வாசித்தார்கள். எங்கள் தொகுதியில் அதற்கு உயிருள்ள இலக்கு ஒருவர் இருந்தபடியால் கூடுதல் அழுத்தத்தோடு வாசித்தார்கள். வேலணை வங்களாவடிச் சந்தியில் பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் இரண்டு பக்கத்தார் கூட்டமும் கேட்டேன். நவரத்தினம் நியாயவாதி, அடுக்கடுக்காகப் பேசுவார். இருபத்தொரு வயதில் எனக்கு அவர் சொல்வது சரியென்று பட்டது. பக்கத்தில் நின்ற என் அம்மான், மாத்தளையில் கடை வைத்திருந்தவர், தேர்தலுக்கென்றே வந்து நின்றவர், சால்வையை உதறித் தோளில் போட்டபடி சொன்னார்: “தம்பி, மாத்தளையில கடை, ஊர்காவற்றுறையில கொடியோ? ரெண்டும் ஒரு மனிசனுக்கு வராது.”

நவரத்தினம் தோற்றார். அவருடைய நியாயத்தில் ஓட்டை இருந்ததால் அல்ல. தொகுதியின் அரைவாசி வீடுகளில் அம்மானைப் போல ஒருவர் இருந்ததால்.

இங்கே ஒரு கேள்வி வரும். 1958இல் கலவரம் நடந்ததே, கடைகள் எரிந்தனவே, கொழும்பில் அகதியானவர்களைக் கப்பலில் ஏற்றி வடக்கே அனுப்பினார்களே, அப்போதே இந்த மனம் மாறியிருக்க வேண்டாமா? மாறவில்லை. வந்தவர்கள் சில மாதத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள். அம்மானும் போனவர்தான். நெருக்கடி வந்தால் சனம் தானாக ஒரு பக்கம் சாயும் என்பது படித்தவர்களுடைய நினைப்பு. 58 கடையை எரித்தது. ஆனால் கடைக்காரனின் மகனுக்கு இருந்த வழியை அது அடைக்கவில்லை. பொடியன் படித்தால் பல்கலைக்கழகம் போகலாம், டொக்டராகலாம், எஞ்சினியராகலாம், அப்பன் எரிந்த கடையைத் திரும்பக் கட்டி அவனைப் படிப்பிப்பான். ஒப்பந்தம் கிழிந்தாலும் இன்னொரு ஒப்பந்தம் எழுதலாம் என்ற நம்பிக்கையும் இருந்தது.

எழுபதுக்குப் பிறகு வந்தவை வேறு மாதிரி. 1971இல் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல். மருத்துவத்துக்குச் சிங்கள மொழியில் எழுதினவனுக்கு 229 புள்ளி போதும், தமிழில் எழுதினவனுக்கு 250 வேண்டும். பொறியியலுக்கு 227, 250. இந்த நாலு எண்ணும் கந்தோருக்கு வருகிற ஒவ்வொரு தகப்பனின் வாயிலும் இருந்தது. பிறகு மாவட்டக் கோட்டா வந்தபோது பின்தங்கிய மாவட்டங்களுக்குச் சலுகை என்றார்கள். தீவகம் பின்தங்கியதுதான். ஆனால் நாங்கள் யாழ்ப்பாண மாவட்டம், ஆகவே நெடுந்தீவுப் பிள்ளை யாழ்ப்பாணப் பட்டினத்துப் பெரிய கல்லூரிப் பிள்ளையோடு போட்டி போடவேண்டும். அரசாங்கத்தின் வரைபடத்தில் எங்கள் பின்தங்கல் தெரியவேயில்லை.

1972 மே 22ஆம் திகதி குடியரசு யாப்பு. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தந்த பாதுகாப்பு போனது, பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது. தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் அந்த ஒக்டோபரில் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து, இடைத்தேர்தலில் சனம் தீர்ப்புச் சொல்லட்டும் என்றார். அரசாங்கம் அந்த இடைத்தேர்தலை 1975 பெப்ரவரிவரை இழுத்தது. இதுதான் அந்தக் காலத்தின் பெரிய முட்டாள்தனம் என்பேன். சமஷ்டிக்காரனிடம் வாக்குப்பெட்டியைக் கொடுக்காமல் இரண்டு வருடத்துக்கு மேல் காக்கவைத்தால் அவன் சமஷ்டிக்காரனாகவே இருப்பானா?

இடையில் 1974 சனவரி, யாழ்ப்பாணத்தில் நாலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு. அந்த ஆராய்ச்சி மன்றத்தை உருவாக்க உழைத்தவர் எங்கள் கரம்பனில் பிறந்த தனிநாயகம் அடிகள். ஆகவே ஊர்காவற்றுறைச் சனத்துக்கு அது சொந்த வீட்டுக் கொண்டாட்டம் மாதிரி. பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறிக் காரைநகர்ப் பக்கமாகவும், பண்ணைத் தாம்போதி வழியாகவும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். கடைசி நாள் இரவு, சனவரி 10, பொலிஸ் கூட்டத்துக்குள் புகுந்தது. மின்கம்பி அறுந்து விழுந்து உயிர்கள் போயின. மறுநாள் கந்தோரில் தந்தி அனுப்ப வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். செய்தி எல்லாம் ஒன்றுதான்: நாங்கள் சுகம்.

இந்த வருடங்களில்தான் கடைக்காரர்களின் முதுகெலும்பும் உடைந்தது. எண்ணெய் விலை ஏறி, அந்நியச் செலாவணி வற்றி, சிறிமா அம்மையாரின் அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிய காலம். பாணுக்குக் கியூ. சீனி, மா, துணி எல்லாம் கூட்டுறவுக் கடைக்கே முதலில் போனது. தெற்கில் இருந்த எங்கள் ஆட்கள் வெறும் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மணியோடர்த் தொகை சுருங்கியதை நான் கண்ணால் கண்டேன். ஐம்பது வந்த வீட்டுக்கு முப்பது, பிறகு மாதம் விட்டு மாதம்.

வேடிக்கை என்னவென்றால் குடாநாட்டில் நிலைமை தலைகீழ். மிளகாயும் வெங்காயமும் இறக்குமதி ஆகாதபடியால் வலிகாமத்துச் செம்மண் தோட்டக்காரர் அள்ளிக்கொட்டினார்கள். மிளகாய்க் காசில் கல்வீடு எழும்பியது, உழவு இயந்திரம் வந்தது. அதே அரசாங்கத்தின் யாப்பை எரிக்கவேண்டும் என்று கூட்டத்தில் கை தட்டிவிட்டு, அதே அரசாங்கத்தின் இறக்குமதித் தடை நீடிக்கவேண்டும் என்று அம்மனுக்கு நேர்த்தி வைத்தவர்கள் உண்டு. 1977இல் ஜே. ஆர். ஜெயவர்த்தன ஆட்சிக்கு வந்து பொருளாதாரத்தைத் திறந்துவிட்டபோது அந்த மிளகாய்க்காரர்களுக்கும் அடி விழுந்தது. ஆக, தீவகத்துக் கடைக்காரன் ஒரு காரணத்தால் கொழும்பை வெறுத்தான், செம்மண்காரன் வேறு காரணத்தால். ஒருவன் கதவு மூடியதால் நட்டப்பட்டவன், மற்றவன் கதவு திறந்ததால் நட்டப்பட்டவன். இரண்டு பேரையும் ஒரே கொடியின்கீழ் நிறுத்தியது பொருளாதாரம் அல்ல. பொருளாதாரம் மட்டும் பேசியிருந்தால் அவர்கள் ஒருவரோடொருவர் சண்டை பிடித்திருப்பார்கள்.

1976 மே 14, வட்டுக்கோட்டைத் தொகுதியில் பண்ணாகத்தில் தனிநாட்டுத் தீர்மானம். எங்கள் துறையிலிருந்து பாதையில் ஏறிக் காரைநகர் தாண்டினால் அதிக தூரமில்லை. ஆறு வருடத்துக்கு முன் நவரத்தினத்தைத் தோற்கடித்த அதே கட்சி, இப்போது கூட்டணியாக அவர் வழிக்கே வந்து தனிநாடு கேட்டது. அடுத்த வருடம் பண்டிதர் வங்களாவடிக்கு வந்து ஆணை கேட்டார். மாத்தளை அம்மான் இந்தமுறையும் வந்திருந்தார். கடை இன்னும் இருந்தது, ஆனால் மூத்த மகன் இரண்டு தரம் சோதனை எழுதி, இரண்டு தரமும் புள்ளி இருந்தும் இடம் கிடைக்காமல் வீட்டில் இருந்தான். அம்மான் சூரியனுக்குப் போட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆகஸ்டில் கலவரம், மாத்தளைக் கடை போனது. அவர் பிறகு திரும்பிப் போகவில்லை.

என் மருமக்களில் ஒருவர் லண்டனில், ஒருவர் பாரிஸில். ஐரோப்பிய ஒன்றியத்தைப் பற்றி அவர்கள் சண்டை பிடிப்பதைத் தொலைபேசியில் கேட்டு, பிறகு நான் வாசித்துப் பார்த்தேன். வாசிக்க வாசிக்க எனக்கு ஊர்காவற்றுறைதான் ஞாபகம் வந்தது. 1975 யூனில் பிரித்தானியா ஐரோப்பியப் பொதுச் சந்தையில் தொடர்வதா என்று சர்வசனவாக்கு வைத்தார்கள். நூற்றுக்கு 67 பேர் ஆம் என்றார்கள். ஆம் என்று பிரசாரம் செய்தவர்களில் பழமைவாதக் கட்சித் தலைவி மார்கிரட் தட்சரும் ஒருவர். இல்லை என்று நின்றது தொழிற்கட்சியின் இடதுசாரிகள். 2016 யூன் 23இல் நூற்றுக்கு 51.9 பேர் வெளியேறு என்றார்கள். இப்போது வெளியேறு என்று முன்னுக்கு நின்றது தட்சரின் வழிவந்தவர்கள், இருப்போம் என்றது தொழிற்கட்சியின் பெரும்பகுதி. பண்டிதர் வீட்டிலிருந்து சூரியனுக்குப் போனமாதிரி அங்கே கட்சிகளே இடம்மாறிவிட்டன.

நடுவில் நடந்தவை நெருக்கடிகள். 2010இல் கிரேக்கம் கடனில் மூழ்கியது. 1992இல் மாஸ்திரிஷ்ட் ஒப்பந்தம் எழுதினபோது ஒரு நாட்டின் கடனை மற்ற நாடு பொறுப்பேற்காது என்று எழுதினார்களே தவிர, மூழ்கினால் என்ன பங்கு யாருக்கு என்று எழுதவில்லை. நயினாதீவுக் கல்லில் இருந்த கவனம் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. ஆகவே கப்பல் உடைந்தபின் பங்கு பேசினார்கள், அப்போது பேச்சு வசையாகத்தான் வந்தது. வடக்கே ஜேர்மன்காரர் எங்கள் காசு என்றார்கள், தெற்கே கிரேக்கர் 2015 யூலையில் வாக்குப்போட்டு உங்கள் நிபந்தனை வேண்டாம் என்றார்கள். அதே வருடம் சிரிய அகதிகள் வந்தபோது சண்டைக்கோடு இன்னொரு திசையில் விழுந்தது. இப்போது கேள்வி கடன் அல்ல, யார் உள்ளே வரலாம் என்பது. கடனுக்காகச் சண்டைபிடித்த வடக்குத் தெற்கு போய், கிழக்கு மேற்கு என்று பிரிந்தார்கள்.

லண்டன் மருமகன் வெளியேறு என்று போட்டவர். போலந்துக்காரன் விசா இல்லாமல் வரலாம், என் தங்கச்சி மகன் ஏன் வரமுடியாது என்பது அவருடைய கணக்கு. அதே தெருவில் ஒல்லாந்துக் கடவுச்சீட்டோடு வந்து கடைபோட்ட இன்னொரு தீவார் குடும்பம் இருப்போம் என்று போட்டது. இரண்டு பேரும் பொங்கலுக்கு ஒரே மண்டபத்தில்தான் இருப்பார்கள். தத்துவம் பேசி இவர்களுடைய வாக்கை விளக்கமுடியாது. யார் எந்தக் கதவால் வந்தவர் என்று கேட்டால் விளங்கும்.

ஊர்காவற்றுறைக்குத் திரும்புவோம். 1983 ஆகஸ்டில் அரசியல் யாப்புக்கு ஆறாவது திருத்தம் வந்தது. பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்யவேண்டும் என்றார்கள், கூட்டணி உறுப்பினர்கள் செய்யவில்லை, ஆசனங்கள் போயின. பண்டிதரின் ஆசனமும் போனது. விகிதாசாரத் தேர்தல் வந்தபின் ஊர்காவற்றுறை யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஒரு துண்டு, அவ்வளவுதான். 1990இல் படை இறங்கித் தீவுகள் வெறுமையாகின. 1994 ஆகஸ்ட் பொதுத்தேர்தலில் குடாநாட்டின் பெரும்பகுதியில் வாக்களிப்பே நடக்கவில்லை, படையின் கையில் இருந்த தீவகத்தில்தான் முக்கியமாக நடந்தது. பத்தாயிரத்துச் சொச்சம் வாக்குக்கு ஈழ மக்கள் சனநாயகக் கட்சி (ஈ.பி.டி.பி.) மாவட்டத்தின் பத்து ஆசனத்தில் ஒன்பதை எடுத்தது. மணியோடரை நம்பியிருந்த, எப்போதும் யாழ்ப்பாணத்தாருக்குப் பின்னால் நின்ற தீவகம், ஒரு தடவை முழு மாவட்டத்துக்கும் பேசியது. ஆனால் பேசியவர்கள் யார், எந்த நிலையில் பேசினார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

2022இல் நாடு வங்குரோத்து ஆனது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்திட்டம் முந்தின வருடம் சீன நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டு, இந்தியா ஆட்சேபித்து, அந்த மார்ச்சில் இந்திய நன்கொடைக்கு மாறியது. தமிழ்நாட்டிலிருந்து அரிசிக் கப்பல் வந்தது. 2024 நவம்பர் பொதுத்தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனத்தில் மூன்று தேசிய மக்கள் சக்திக்குப் போயின. தெற்கிலிருந்து வந்த கட்சி ஒன்று இங்கே முதலிடம் பெற்றது அதுதான் முதல் தடவை. உடனே பத்திரிகைகள் எழுதின, தமிழர் பழைய கேள்வியை விட்டுவிட்டார்கள், ஒரே நாடு என்று ஏற்றுக்கொண்டார்கள் என்று.

எனக்கு அந்தத் தலையங்கங்களை வாசிக்க 1970 ஞாபகம் வந்தது. அன்றைக்கும் கொழும்பு இதைத்தான் நினைத்தது: ஊர்காவற்றுறையே பிரிவினையைத் தோற்கடித்துவிட்டது, இனிப் பயமில்லை. அடுத்த வருடம் தரப்படுத்தலைக் கொண்டுவந்தார்கள். 2024 வாக்கு விலைவாசிக்கும் ஊழலுக்கும் எதிராகப் போட்ட வாக்கு. அதைப் படையிடம் உள்ள காணிகளின் விடுவிப்புக்கும் அதிகாரப் பகிர்வுக்கும் பதிலாக எடுத்துக்கொண்டால், எழுபதில் கொழும்பு செய்த பிழையைத் தேசிய மக்கள் சக்தியும் செய்யும்.

கடைசியாக, வாசிக்கிற தீவார் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். 1970, 1977 தேர்தல்களில் ஊர்காவற்றுறைத் தொகுதியில் அச்சடித்த துண்டுப்பிரசுரங்கள், குறிப்பாக நவரத்தினம் பக்கத்தார் வெளியிட்டவை, இடப்பெயர்வில் பெரும்பாலும் அழிந்துபோயின. உங்கள் தாத்தா கொண்டுவந்த தகரப்பெட்டி லண்டனிலோ பாரிஸிலோ ரொறொன்ரோவிலோ இன்னும் இருந்தால், கடைக் கணக்குக் கொப்பிகளோடு சேர்த்து ஒருதரம் திறந்து பாருங்கள். கிடைத்ததை எறிய வேண்டாம். நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள், அவர்கள் படமெடுத்துப் பொதுவில் வைப்பார்கள்.